சோற்றை அளைந்த கை

"சோத்த அளையாதடா" என்ற அதட்டல் கேட்காத தெரு வேப்பந்தட்டையில் இருக்காது. ஐப்பசி மழையில் கரிசல் குழைந்து கிடக்கும்போது "சேத்த அளையாதடா" என்று அதுவே மாறும். பருத்திக்குப் பேர்போன அந்த மண் ஈரம் பட்டால் உப்பிப் பிசுபிசுக்கும். பையனின் முழங்காலில் அப்பிக்கொண்டால் தேய்த்துத் தேய்த்துத்தான் கழுவ வேண்டும். அப்படியிருந்தும் அதட்டும் குரலுக்குள் ஒரு சிரிப்பு அடங்கிக் கிடக்கிறது. பிள்ளை செய்யும் அலங்கோலத்தைப் பார்த்துப் பெற்றவர் சிரிக்கும் இந்தச் சிரிப்பு தமிழில் எங்கே தொடங்கியது என்று தேடினேன். கையில் இருந்த பிடி ஒரே ஒரு வினைச்சொல்தான்: அளைதல்.

அந்தச் சொல் முதலில் கொண்டுபோய் நிறுத்தியது திருக்குறளின் 64ஆம் குறளில். பெற்ற பிள்ளையின் சின்னக் கை அளாவிய கூழ் அமிழ்தத்தைவிட இனிது என்கிறார் வள்ளுவர். அளாவுதல், அளைதலின் உறவுச்சொல். சின்னக் கை எப்படி அளாவும் என்று விளக்க வந்த பரிமேலழகர், புறநானூற்றின் 188ஆம் பாட்டை எடுத்துக் காட்டுகிறார். பாண்டியன் அறிவுடை நம்பி பாடியது அது. ஏழே அடிதான், ஆனால் ஒரு சாப்பாட்டு வேளை முழுதும் அதில் நடந்துவிடுகிறது. குழந்தை தத்தித் தத்தி வருகிறது, கையை நீட்டுகிறது, சோற்றைக் கீழே இடுகிறது, தொடுகிறது, வாயால் கவ்வுகிறது, கையால் துழாவுகிறது, நெய்ச்சோறு உடம்பெல்லாம் படும்படி சிதறுகிறது. பலரோடு கூடி உண்ணும் பெருஞ்செல்வராக இருந்தாலும் இப்படி மயக்கும் மக்கள் இல்லாவிட்டால் வாழ்நாளுக்குப் பயனில்லை என்று முடிக்கிறான் பாண்டியன். சிந்தியதை இத்தனை வினைகளாகப் பிரித்துப் பார்க்க, பந்தியில் உட்கார்ந்து கண்ணெடுக்காமல் பார்த்த ஒருவரால்தான் முடியும்.

அரசனுக்கு என்ன, நெய்யும் சோறும் வீணானால் அவனுக்கு வலிக்காதே என்று கேட்கலாம். மானாவாரி நிலத்தை நம்பி வாழும் ஊரில் இது நியாயமான கேள்வி. ஆனால் இதே அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் சொன்ன அறிவுரை புறநானூற்றின் 184ஆம் பாட்டாக நிற்கிறது. நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் ஒரு மாவுக்குக் குறைந்த நிலத்தின் விளைச்சலும் யானைக்குப் பல நாளுக்கு வரும். யானையே வயலுக்குள் புகுந்தால் நூறு செய் இருந்தாலும் வாயில் போவதைவிடக் காலில் மிதிபடுவதே அதிகம். வரி தண்டும் முறைக்குச் சொன்னது இது. வீணாவது என்றால் என்ன என்று இவ்வளவு கூர்மையாக எடுத்துச் சொல்லப்பட்ட அரசனின் பெயரில்தான், சிதறிய நெய்ச்சோற்றைக் கொண்டாடும் பாட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. அதனால் அவன் மகிழ்ச்சியைச் செல்வரின் அலட்சியம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. வள்ளுவரோ நெய்யடிசிலை விட்டுக் கூழ் என்றார். பரிமேலழகர் அதற்குச் சோறு என்றே பொருள் சொல்கிறார்; அப்படியே கொண்டாலும் நெய் போய்விட்டது, விருந்தும் போய்விட்டது. எந்த வீட்டுக்கும் பொருந்தும் சோறாகிவிட்டது.

இருந்தாலும் இந்த இரண்டு இடங்களிலும் நான் தேடிய சிரிப்பு இல்லை. மயக்கம் இருக்கிறது, இனிமை இருக்கிறது. பாண்டியன் பார்க்கிறான், சிந்தியதை யார் அள்ளினார்கள் என்று பாட்டு சொல்லவில்லை. சிரிப்பு கிடைத்தது ஸ்ரீவில்லிபுத்தூரில், பெரியாழ்வார் திருமொழியின் இரண்டாம் பத்தில், கண்ணனை நீராட அழைக்கும் நான்காம் திருமொழியில். அங்கேயும் தொடக்கத்திலேயே நம் வினைச்சொல் நிற்கிறது. வெண்ணெய் அளைந்த மொச்சை நாற்றத்துக்குக் குணுங்கு என்று ஒரு பெயர், அதன்மேல் விளையாடிய புழுதி. எண்ணெயும் புளிப்பழமும் எடுத்து வைத்துக்கொண்டு எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருக்கிறேன் என்கிறாள் யசோதை. தொழுவத்தில் புகுந்து புழுதி அளைந்த உன் பொன்மேனியைக் காண எனக்குப் பெரிய உவப்புதான், ஆனால் பார்த்தவர்கள் பழிப்பார்கள், வெட்கமே இல்லாதவனே, நப்பின்னை கண்டால் சிரிப்பாள் என்று இன்னொரு பாட்டில் அதட்டுகிறாள். ரசிப்பு, ஊர்ப்பேச்சுக்கு அஞ்சுதல், ஏச்சு எல்லாம் ஒரே மூச்சில் வருகின்றன. அழுக்கைத் தேய்த்துக் கழுவப்போகிற கை பேசும்போதுதான் மகிழ்ச்சி நகையாக மாறுகிறது. இதுதான் என் முடிவு.

கண்ணன் தெய்வம், இது பக்தி, வீட்டுச் சிரிப்பாகுமா என்பவர்கள் புளிப்பழத்தைக் கவனிக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கப் புளி என்பது கோயில் சடங்கிலிருந்து வந்ததாகத் தோன்றவில்லை. பிள்ளை குளிப்பாட்டியவர்களிடம் கேட்டறிந்த செய்தியாகவே படுகிறது. பாடியவர் ஆண்தானே என்பது அதைவிடக் கனமான மறுப்பு. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தந்தையாக நின்று பாட முடிந்தவர், இந்த இடத்தில் தாயின் குரலை எடுத்துக்கொண்டிருக்கிறார். சிரிப்பு யாருடைய வேலைக்குள் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

என்னை உறுத்துவது வேறொன்று. இந்தச் சிரிப்பு நாளடைவில் மகனுக்கு மட்டும் என்று சுருங்கிப்போனது. மக்கட்பேறு என்று நாம் படிக்கும் அதிகாரத்துக்குப் பரிமேலழகர் வைத்திருக்கும் தலைப்பு புதல்வரைப் பெறுதல். அங்கே மக்கள் என்ற சொல் பெண்ணை ஒழித்து நின்றது என்றே உரை எழுதுகிறார். வேப்பந்தட்டைக்குக் கிழக்கே, இன்றைய அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்ட இரண்டாம் குலோத்துங்கன்மீது 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடியதுதான் இன்று கிடைக்கும் மிகப் பழைய பிள்ளைத்தமிழ். குழந்தையைப் பருவம் பருவமாகப் பாடும் அந்த இலக்கிய வகை வளர்ந்தபோது ஆண்பிள்ளைக்குக் கிடைத்த பருவங்களில் ஒன்று, சிறுமியர் கட்டிய மணல்வீட்டைக் காலால் சிதைப்பது. பெண்பிள்ளைக்குக் கிடைத்தவை அம்மானை, நீராடல், ஊசல். மகன் கலைத்தால் குறும்பு, மகள் கலைத்தால் அடக்கமின்மை என்று இன்றும் பல வீடுகளில் பிரித்துப் பார்க்கிறார்களே, அதற்கு இவ்வளவு பழைய துணை இருக்கிறது. அதற்கும் முந்தைய புறநானூற்றுப் பாட்டில் அந்தப் பிரிவு இல்லை. தத்தி வந்து, கை நீட்டி, நெய்ச்சோற்றை மேலெல்லாம் பூசிக்கொண்ட அந்தக் குழந்தை ஆணா பெண்ணா என்று பாண்டியன் சொல்லவே இல்லை.