விலை ஒன்றுதான், வாடிக்கை வேறு!
கடலூரிலிருந்து சிதம்பரம் வரை ஒரு சந்தைப் பயணம்

கடலூர் உழவர் சந்தையைப் பார்க்க நினைப்பவர்கள் விடிந்ததும் போய்விட வேண்டும். எட்டு மணிக்குமேல் போனால் பார்க்க வேண்டியதில் பாதி முடிந்திருக்கும். கீரைக்கட்டில் ஈரம் காயாத நேரத்தில் கூடைகள் இறங்கும். தராசைத் துடைத்து வைப்பார்கள். நடைப்பயிற்சி முடித்த கையோடு பையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆட்கள் வந்து நிற்பார்கள். அன்றைய விலையைப் பலகையில் எழுதிவிட்டால், உள்ளே இருக்கும் எல்லாக் கடைக்கும் அதே விலைதான்.

1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய ஏற்பாடு இது. கடைக்கு வாடகை கிடையாது, தராசுக்கும் காசு இல்லை. நிலத்தையும் பயிரையும் பார்த்து அதிகாரிகள் அடையாள அட்டை கொடுத்த விவசாயிகள்தான் விற்கலாம். மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவிகிதம் கூடுதலாகவும், வெளிக்கடைச் சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவிகிதம் குறைவாகவும் விலை வைக்க வேண்டும் என்பது வழிமுறை. விற்பவருக்கும் லாபம், வாங்குபவருக்கும் லாபம்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். எல்லோருக்கும் ஒரே விலை, ஒரே மாதிரி தராசு. காயும் சுற்றுவட்டாரக் காய்தான். அப்படியிருந்தும் ஒருவருக்கு எட்டரை மணிக்கே கூடை காலியாகிவிடுகிறது. இரண்டு கடை தள்ளி உட்கார்ந்திருப்பவர் பத்து மணிக்கும் வாடிய வெண்டைக்காய்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறார். ஏன்?

அதற்கான பதிலை ஒரு கீரைக் கடையில் பார்த்தேன். முருங்கைக்கீரை கேட்ட பெண்ணிடம் கடைக்கார அக்கா, “இன்னைக்கு அது வேணாம்மா, நேத்து ஒடிச்சது. அரைக்கீரை எடுத்துக்குங்க, காலையில அறுத்தது” என்றார். வந்தவர் மறுபேச்சில்லாமல் இரண்டு கட்டு வாங்கிக்கொண்டு போனார். பேரம் இல்லை, புரட்டிப் பார்க்கவும் இல்லை. அந்த அக்கா ‘நல்லா இருக்கு’ என்று சொல்லும் நாளில், அதை யாரும் சோதித்துப் பார்க்கப் போவதில்லை. வாடிக்கை என்று நாம் சொல்வது இதைத்தான். சிரித்துப் பேசுவதும் கொசுறாகக் கறிவேப்பிலை போடுவதும் நல்ல பழக்கம்தான். ஆனால், தன் சரக்கின் குறையைத் தானே சொல்கிறவரிடம்தான் மக்கள் திரும்பி வருகிறார்கள்.

உள்ளே தெரியாத பழம்

கடலூருக்கு மேற்கே பண்ருட்டிப் பக்கம் போனால் இது இன்னும் நன்றாகப் புரியும். சித்திரை பிறந்துவிட்டால் சாலையோரமெல்லாம் பலாப்பழக் குவியல். பலா மற்ற பழம்போல் அல்ல. சுளை எத்தனை, இனிப்பா சப்பென்று இருக்குமா என்பதெல்லாம் வெட்டினால்தான் தெரியும். வாங்குகிறவர் தட்டிப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், முள்ளைத் தடவிப் பார்ப்பார். கடைசியில் விற்கிறவரின் முகத்தைப் பார்த்துத்தான் காசு கொடுப்பார்.

வெளியூர்க்காரர்தானே, இனி எங்கே வரப்போகிறார் என்று பிஞ்சில் வெட்டிய காயை ஒருவர் தள்ளிவிட்டால், ஏமாந்தவர் அந்தக் கடையைத் திட்டுவதில்லை. “பண்ருட்டிப் பழமே இப்போ சரியில்லப்பா” என்பார். ஒருவர் செய்த தப்பு ஊர்ப் பெயர்மேல் விழுகிறது. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த ‘தானே’ புயலில் இந்தப் பகுதியின் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. ஒட்டுக்கன்று நட்டாலும் பலா காய்ப்புக்கு வர நாலைந்து வருடம் ஆகும். அவ்வளவு பாடுபட்டு மீட்டெடுத்த பழத்தின் பெயரை ஒரு பிஞ்சுக் காய்க்காக விடலாமா?

உரக்கடையில் நாமும் வாடிக்கையாளர்தான்

கடலூர் துறைமுகம் சந்திப்பில் தெற்கே போகும் ரயிலில் ஏறினால் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று கடற்கரையை ஒட்டியே சிதம்பரம் போய்ச் சேரலாம். மணல்பாங்கான நிலங்களில் மல்லாட்டையும் காய்கறியும், தாழ்வான பகுதிகளில் நெல்லும் மாறி மாறி வரும்.

இந்தப் பக்கத்துக் கூட்டங்களில் விவசாயிகள் தவறாமல் கேட்பது, “விளைவிச்சுடுறோம் சார், எங்க விக்கிறது?” தக்காளிக்கு நுகர்வோர் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயி கைக்கு வருவது ஏறக்குறைய 33 காசுதான் என்று ரிசர்வ் வங்கி 2024-ல் வெளியிட்ட ஆய்வறிக்கை சொல்கிறது. ஆகவே அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால், நேரடியாக விற்கப் போகும் முன், நாம் வாங்கும் இடத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

பூச்சி விழுந்த இலையைக் கையில் வைத்துக்கொண்டு உரக்கடைக்குப் போகிறோம். ஒரு கடைக்காரர் இலையைப் பார்க்காமலேயே மூன்று பாட்டிலை எடுத்து வைக்கிறார், பில் கேட்டால் முகத்தைச் சுளிக்கிறார். இன்னொருவர் இலையைத் திருப்பிப் பார்த்து, “இதுக்கு மருந்து வேணாம், நுனியைக் கிள்ளிப் போடுங்க. அடங்கலன்னா வாங்க” என்கிறார். அடுத்த முறை நம் கால் யார் கடைக்குப் போகும்? அந்த இரண்டாவது கடைக்காரரிடம் நாம் எதிர்பார்ப்பதைத்தான் நம் காயை வாங்கும் குடும்பமும் நம்மிடம் எதிர்பார்க்கிறது.

கொத்தட்டைக் கத்திரியும் சிதம்பரம் கொத்சும்

இன்றைக்குக் கொத்தட்டை என்றால் சாலையில் போகிறவர்களுக்குச் சுங்கச்சாவடிதான் நினைவுக்கு வரும். சிதம்பரத்துச் சமையற்காரர்களைக் கேட்டால் கத்திரிக்காய் என்பார்கள். நடராஜர் கோயிலின் சம்பா சாதமும் கத்திரிக்காய் கொத்சும் பேர்போனவை. கொத்சுக்குக் கொத்தட்டைக் கத்திரிதான் வேண்டும் என்று தேடி வாங்குகிற வீடுகள் தேரோடும் வீதிகளில் உண்டு. ஒரு கிராமத்துக் காய்க்கு ஒரு நகரமே வாடிக்கை. இந்த உறவு விளம்பரத்தால் வந்ததல்ல, காலங்காலமாக நாக்கு அறிந்து வந்தது.

இப்படிப் பெயர் பெற்ற காய்க்கு இரண்டு ஆபத்துகள் உண்டு. வேறு கத்திரியைக் கொட்டிவைத்து ‘கொத்தட்டை’ என்று விற்பது ஒன்று. மற்றொன்று மருந்து. கத்திரியில் தண்டு மற்றும் காய்த்துளைப்பான் பெரிய தொல்லை. சொத்தைக் காயை யாரும் வாங்க மாட்டார்களே என்ற பயத்தில் இன்று மருந்தடித்து நாளைக் காலையில் பறிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வாங்குகிற தாய்க்கு அது தெரியாது. தெரியாது என்பதால்தான் பொறுப்பு முழுக்க நம் தலையில் இருக்கிறது.

வாடிய நுனித்தண்டுகளையும் ஓட்டை விழுந்த காய்களையும் வாரந்தோறும் கிள்ளி அழியுங்கள். ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். 5 சதவிகித வேப்பங்கொட்டைச் சாறு தெளியுங்கள். அதற்கும் கட்டுப்படாமல் மருந்து அடிக்க வேண்டி வந்தால், அறுவடைக்கு முன் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று பாட்டிலோடு வரும் குறிப்பில் இருக்கும். அத்தனை நாளும் பறிக்காதீர்கள். “மருந்தடிச்சிருக்கேன், அடுத்த வாரம் காய் தர்றேன்” என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அந்த வாரம் வியாபாரம் குறையும், அந்த வாடிக்கையாளர் குறைய மாட்டார்.

ஜப்பானில் 1970-களில் நகரத்துக் குடும்பங்கள் மருந்துக்குப் பயந்து விவசாயிகளோடு நேரடியாகக் கைகோத்தார்கள். ‘தெய்கெய்’ என்று அதற்குப் பெயர். விளைந்ததை நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு, நம்பி உண்ணும்படி விளைவிப்பது விவசாயியின் பொறுப்பு. கொத்தட்டைக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் இருப்பதும் கிட்டத்தட்ட அந்த உறவுதான், நாம் அதற்குப் பெயர் வைக்கவில்லை.

நாளையே தொடங்கலாம்

சந்தையில் ஒரே இடத்தில், ஒரே நாட்களில் உட்காருங்கள். தேடி வந்தவர் இரண்டு முறை ஏமாந்தால் மூன்றாம் முறை வர மாட்டார்.

கூடையின் மேலே இருக்கும் காயும் அடியில் இருக்கும் காயும் ஒன்றாக இருக்கட்டும். முற்றல், சொத்தையைத் தனியே பிரித்து, அப்படியென்று சொல்லியே விலை குறைத்து விற்கலாம்.

உங்களிடம் இல்லாததைப் பக்கத்துக் கடையில் கைகாட்டி விடுங்கள். வந்தவர் அதை மறக்க மாட்டார்.

தெருமுனை இட்லிக்கடை, மெஸ், கல்யாணச் சமையற்காரர் என்று நான்கைந்து பேரின் கைப்பேசி எண்ணை நோட்டில் எழுதி வையுங்கள். சொன்ன எடையைச் சொன்ன நேரத்தில் கொடுங்கள், முடியாவிட்டால் முதல்நாள் இரவே சொல்லிவிடுங்கள். விலை விழுந்து காய் தேங்கும் நாளில் முதலில் கூப்பிட வேண்டிய எண்கள் இவைதான்.

கடன் கொடுப்பதற்கு ஓர் அளவு வையுங்கள். வசூலிக்க முடியாத கடன் நல்ல வாடிக்கையையும் கெடுத்துவிடும். பாக்கி வைத்தவர் உங்கள் கண்ணில் படாமல் வேறு கடைக்குப் போய்விடுவார்.

உங்கள் ஊர்ச் சந்தையில் நீங்கள் பிடித்த வாடிக்கையைப் பற்றியும், பிடிக்க முடியாமல் தடுமாறுவது பற்றியும் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதுங்கள். என்ன பயிர், எந்தச் சந்தை, வாரத்துக்கு எத்தனை கிலோ என்று குறிப்பிட்டால் பதில் சொல்ல வசதியாக இருக்கும்.