திங்கட்கிழமை வாடிக்கையாளர்கள்

பிரவுசிங் சென்டர் நடத்தியவர்களைக் கேட்டால் சொல்வார்கள், திங்கட்கிழமை காலை ஈ ஓட்டும் நேரம். ஞாயிறு முழுக்க வெப்கேம் முன்னால் இடம் பிடித்த அம்மாக்கள் போயிருப்பார்கள். கல்லூரிப் பிள்ளைகள் சாயங்காலம்தான் வருவார்கள். பிளஸ் டூ ரிசல்ட், பொறியியல் கவுன்சிலிங் என்று ஏதாவது இருந்தால் உண்டு. இல்லாவிட்டால் நானும் யு.பி.எஸ். ரீங்காரமும்தான்.

அம்பத்தூர் ஓ.டி.யில், சி.டி.எச். ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது கடை. அப்பா விருப்ப ஓய்வில் கொண்டுவந்த பணம் சில கம்ப்யூட்டர்களாகவும் பிளைவுட் தடுப்புகளாகவும் ஒரு நெட் போன் பூத்தாகவும் மாறியிருந்தது. மணிக்கு இருபது ரூபாய். கல்லாவில் நான். அந்தத் திங்கட்கிழமைகளுக்குப் போணி செய்தவர்கள் இரண்டு பையன்கள். முகங்கள் மாறிக்கொண்டே இருக்கும், ஆனால் எப்போதும் இரண்டு பேர்.

பிந்நாட் பரிசுத்தவான்கள் சபை, அதாவது மார்மன் சபை, அனுப்பிய ஊழியக்காரர்கள். வெள்ளைச் சட்டை, டை, மார்பில் கறுப்புப் பெயர் அட்டை. எல்லோருக்கும் எல்டர் என்றுதான் பேர் ஆரம்பிக்கும். போலீஸ் சொன்னதால் நாங்கள் வைத்திருந்த பதிவேட்டிலும் அப்படித்தான் எழுதினார்கள். எனக்கு நன்றாக நினைவிருக்கும் ஜோடியில் ஒருவன் அமெரிக்காவின் யூட்டாவிலிருந்து வந்தவன், இன்னொருவன் ராஜமுந்திரிப் பக்கத்துத் தெலுங்குப் பையன். பத்தொன்பது, இருபது வயது இருக்கும். இரண்டு பேருக்கும் நான் அக்கா.

அவர்களுடைய வாரத்தை நான் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்துகொண்டேன். ஆறரைக்கு எழுந்து பத்தரைக்குப் படுக்க வேண்டும். ஒருவரை விட்டு ஒருவர் பிரியக் கூடாது. டி.வி. கிடையாது, சினிமா கிடையாது. 2007 ஜூனில் ‘சிவாஜி’ வந்து ஊரே டிக்கெட்டுக்கு அலைந்தபோது, ராக்கி தியேட்டர் வழியாகத் தினமும் நடந்தவர்கள் இவர்கள். தெலுங்குப் பையன் மட்டும் போஸ்டரைக் கொஞ்சம் அதிகமாகப் பார்ப்பான் என்று எனக்குச் சந்தேகம். ஞாயிறு ஆராதனை. மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு வேளை பட்டினி. அந்தச் சாப்பாட்டுக் காசு ஏழைகளுக்கு. திங்களன்றுதான் மூச்சு விடலாம். பி-டே, அதாவது பிரிபரேஷன் டே, என்பார்கள். துணி துவைப்பது, வீடு பெருக்குவது, காய்கறி வாங்குவது, முடி வெட்டிக்கொள்வது, நேரம் மிஞ்சினால் பந்து விளையாடுவது எல்லாம் அன்றைக்கே. மாலையானால் மறுபடி டை. வீட்டுக்கு மின்னஞ்சல் எழுதுவதும் அந்த ஒரு நாளில்தான். இரண்டு வருஷம் ஊருக்குப் போக முடியாது. போன், வருஷத்துக்கு இரண்டே தடவை: கிறிஸ்துமஸுக்கு ஒன்று, அன்னையர் தினத்துக்கு ஒன்று.

அதனால் அந்த ஒரு மணி நேரத்தை அவர்கள் செலவழித்த விதம் தனி. சாட்டிங்குக்கு வருகிற பையன்கள் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இவர்கள் வாரம் முழுக்கக் குறித்து வைத்த ஒரு குட்டி நோட்டைப் பிரித்துக்கொண்டு உட்காருவார்கள். முதலில் வீட்டிலிருந்து வந்ததைப் படிப்பது. அப்போது யூட்டாக்காரன் தட்டச்சுப் பலகையைத் தொடவே மாட்டான். பிறகு ஒரே மூச்சில் தடதடவென்று அடிப்பான். 2008-இல் மின்வெட்டு வந்தபோது, யு.பி.எஸ். எத்தனை நிமிஷம் தாங்கும் என்பதுதான் உள்ளே நுழைந்ததும் அவன் கேட்கிற முதல் கேள்வி.

தெலுங்குப் பையனின் அம்மாவுக்கு மின்னஞ்சல் தெரியாது. பெங்களூரில் இருக்கும் ஊழியத் தலைவருக்கு அந்த வாரக் கணக்கை எழுதி அனுப்பிவிட்டு, மிச்ச நேரத்தில் பக்கத்து மேஜையில் இன்லண்ட் லெட்டர் எழுதுவான். நீலத் தாளில் உருண்டை உருண்டையாகத் தெலுங்கு. ஒட்டும் மடிப்பில்கூட இடம் விடாமல் எழுதுவான். கம்ப்யூட்டரில் இல்லாத நேரத்துக்கு நான் காசு வாங்கியதில்லை. அவன் கொடுக்காமல் போனதும் இல்லை.

டீயும் காபியும் அவர்களுக்கு ஆகாது. இது என் அம்மாவுக்குப் பெரிய இடைஞ்சல். வந்தவருக்கு இந்த இரண்டும் வேண்டாம் என்றால் எதைக் கொடுத்து உபசரிப்பது? கடைசியில் நீர்மோருக்கு வந்து நின்றார். யூட்டாக்காரன் கறிவேப்பிலையை முதலில் ஒதுக்கினான், பிறகு மென்றே தின்றான்.

அவர்களுடைய போதனையில் எனக்குச் சம்மதம் எதுவும் கிடையாது. ஒரு தடவை யூட்டாக்காரன் ஒரு சின்ன அட்டையை நீட்டினான், வாங்கிக் கல்லாப்பெட்டியில் போட்டேன், அதோடு சரி. தமிழ்நாட்டில் 2002-இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து 2004-இல் போயிருந்த காலம். தெருவில் சிலர் அவர்களை ஒரு மாதிரிதான் பார்த்தார்கள். எனக்கு உறைத்தது வேறு. பத்தொன்பது வயதில், வீட்டார் சேர்த்த காசில், முன்பின் தெரியாத அம்பத்தூருக்கு வந்து அண்ணனூர், ஆவடி, பூந்தமல்லி என்று வெயிலில் நடப்பதற்கு ஒரு பிடிவாதம் வேண்டும்.

அந்தப் பிடிவாதம் பழசு என்பதை ரொம்ப நாள் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டேன். 1852-இல் யூட்டாவின் சால்ட் லேக் சிட்டியில் கூடிய சபை இந்தியாவுக்கு ஆள் அனுப்பத் தீர்மானித்தது. அப்படி வந்தவர்களில் ரிச்சர்ட் பாலன்டைன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1853-இல் கல்கத்தா வழியாக மதராஸுக்கு வந்து சேர்ந்தார். பையும் பணமும் இல்லாமல் போக வேண்டும் என்பது அன்றைய விதி. மனைவி மக்களை விட்டுவிட்டு வந்தவர், 1854-இல் மதராஸிலேயே ஒரு மாதப் பத்திரிகைகூட அச்சிட்டார். கேட்டவர்கள் மிகச் சிலர். உடம்பு ஒத்துக்கொள்ளாமல் அந்த வருஷமே கப்பலேறிவிட்டார். வீட்டுக்கு ஒரு கடிதம் போய்ப் பதில் வர மாதக்கணக்காகும் காலம் அது. எங்கள் பையன்களுக்கு ஒரு வாரம்தான். அவரைக் கேட்டால், இவர்களைக் கொடுத்துவைத்தவர்கள் என்றிருப்பார்.

அன்னையர் தினம் மே மாதம் இரண்டாம் ஞாயிறு. கத்திரி வெயில். ஞாயிற்றுக்கிழமை காசு கொடுத்து எதையும் வாங்குவதில்லை என்பது அவர்கள் வழக்கம். எனவே முந்தைய வாரமே யூட்டாக்காரன் கேட்டு வைத்தான்: “அக்கா, அடுத்த திங்கள் ஏழு மணிக்குக் கடை திறப்பீங்களா?” இங்கே திங்கள் காலை ஏழு என்றால் அங்கே ஞாயிறு மாலை ஏழரை, இன்னும் அன்னையர் தினம்தான். திறந்தேன். பூத்துக்குள் அவன் போனதும் மற்றவன் கண்ணாடிக் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். பிரியவும் கூடாது, ஒட்டுக் கேட்கவும் கூடாது. அதற்கு அவன் கண்டுபிடித்த வழி. நெட் போனில் நாம் சொன்னது நமக்கே ஒரு நொடி கழித்துத் திரும்பக் கேட்கும். “மாம்” என்று இரண்டு இரண்டு தடவையாகக் காதில் விழுந்தது. வெளியே வந்தவன் மீட்டரைப் பார்க்காமல் பணத்தை நீட்டினான். மீதிச் சில்லறையை நான் மேஜையில் வைத்ததைக் கவனிக்கவே இல்லை.

பெங்களூரிலிருந்து ஆறு வாரத்துக்கொருமுறை இடமாற்ற உத்தரவு வரும். யூட்டாக்காரன் கோயம்புத்தூருக்குப் போனான். வேறொருவன் வந்தான், அவனும் போனான். பதிவேட்டில் திங்கட்கிழமைப் பக்கங்களை மட்டும் புரட்டினால் கையெழுத்து மாறுவதை வைத்தே எந்த மாதம் என்று சொல்லிவிடுவேன்.

2011-இல் அம்பத்தூர் நகராட்சி போய் மாநகராட்சிக்குள் சேர்ந்தோம். அதற்குள் எல்லார் பையிலும் இணையம் வந்துகொண்டிருந்தது. வெப்கேம் அம்மாக்கள் முதலில் நின்றார்கள், பிறகு சாட்டிங் பையன்கள். கடையை மூடியபோது மேஜைகளை ஒரு டியூஷன் வாத்தியார் எடுத்துக்கொண்டார், பேட்டரிகள் பழைய இரும்புக்குப் போயின. இப்போது அந்த இடத்தில் போனுக்கு டெம்பர்டு கிளாஸ் ஒட்டுகிறார்கள்.

2019 பிப்ரவரியிலிருந்து ஊழியக்காரர்கள் வாராவாரம் வீட்டோடு பேசலாம், முகம் பார்த்துக்கூடப் பேசலாம் என்று சபை விதியைத் தளர்த்தியது. அடுத்த வருஷம் மார்ச்சில் கொரோனா வந்து, வெளிநாட்டுப் பிள்ளைகளையெல்லாம் அவரவர் நாட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். செய்தியைப் படித்தபோது கண்ணாடிக் கதவுக்கு முதுகு காட்டி நின்றவனைத்தான் நினைத்தேன். அவன் அம்மாவும் இப்போது வீடியோவில் பேசக் கற்றிருப்பாள்.

அந்த நாட்களில் கடையில் ஞாயிறுதோறும் வெப்கேமுக்கு இடம் பிடித்த அம்மாக்களில் என் அம்மாவும் ஒருவர். நியூ ஜெர்ஸியிலிருந்த அண்ணனிடம் பேச, பட்டுப்புடவையில் வந்து உட்காருவார். சொந்தக் கடையாயிருந்தும் வரிசையில்தான் வருவார். இப்போது அண்ணன் தினமும் கூப்பிடுகிறான், சமைத்துக்கொண்டே, போனை எங்கேயோ சாய்த்து வைத்துவிட்டு. அம்மா நைட்டியிலேயே பேசுகிறார். “முகத்தைக் காட்டுடா, எத்தனை நாளைக்கு அந்த ஃபேனையே பாக்கிறது” என்று நேற்றும் கத்திக்கொண்டிருந்தார்.