தார்ப் பாலையில் ஏழு நாள்: குளிர்காலப் பைக் பயணத்துக்கு ஒரு திட்டம்

தார்ப் பாலைவனத்தில் பைக் ஓட்ட ஏற்ற காலம் நவம்பர் பாதியில் தொடங்கி பிப்ரவரி முடிய. மார்ச் பாதி தாண்டினால் வெயில் சுடத் தொடங்கிவிடும். கோடையைப் பற்றிப் பேசவே வேண்டாம்: 2016 மே 19 அன்று பலோடியில் 51 டிகிரி செல்சியஸ் பதிவானது, இந்திய வெப்பநிலை வரலாற்றிலேயே உச்சம். அதே பலோடி டிசம்பர், ஜனவரியில் பகலில் இதமாக இருக்கும். ஜைசல்மேரில் ஜனவரிப் பகல் 23, 24 டிகிரியை ஒட்டி நிற்கும். இரவில் 8 டிகிரிக்கு இறங்கும். ஈரமற்ற காற்று, மேகமில்லாத வானம், பகலில் வாங்கிய சூட்டைத் தக்கவைக்காத மணல் மூன்றும் சேர்ந்து, சூரியன் சாய்ந்ததும் வெப்பத்தைச் சட்டென்று வடித்துவிடுகின்றன.

ஒரு வாரப் பயணத்தைத் திட்டமிடுபவர்கள் பெரும்பாலும் வரைபடத்தை விரித்து கிலோமீட்டரைத்தான் கூட்டுகிறார்கள். இந்த நிலத்தில் முதலில் கணக்கிட வேண்டியது வெளிச்சத்தை. ஜைசல்மேர் கிழக்குத் தீர்க்கரேகை 71 டிகிரியை ஒட்டி இருக்கிறது. இந்திய நேரமோ 82.5 டிகிரியை வைத்துக் கணிக்கப்படுவது. அதனால் ஜனவரித் தொடக்கத்தில் சென்னையில் ஆறரை மணிக்கு உதிக்கும் சூரியன் ஜைசல்மேரில் ஏழரைக்குத்தான் தலைகாட்டும். மாலை ஆறு மணி வாக்கில் மறைந்தும்விடும்.

விடிந்த உடனே கிளம்புவதும் முடியாத காரியம். காற்று 10 டிகிரியில் இருக்கும்போது 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால், எதிர்க்காற்றில் உடம்புக்கு அது சுமார் 4 டிகிரிபோல உறைக்கும். முதலில் விறைப்பது விரல்நுனி. கிளட்சையும் பிரேக்கையும் பிடிக்க வேண்டிய விரல் மரத்துப்போனால் அது அசௌகரியத்தோடு நிற்காது, ஆபத்தாகும். ஆகவே ஒன்பது, ஒன்பதரைக்கு வண்டியை எடுத்து, மாலை ஐந்தரைக்குள் ஊர் சேர்வதே முறை. கையில் இருப்பது எட்டு மணி நேரம். சாப்பாடு, டீ, பெட்ரோல் என்று இரண்டு மணி நேரம் போகும். பார்க்க வந்ததைப் பார்க்க இரண்டு மணி நேரமாவது வேண்டும். மிஞ்சும் நான்கு மணி நேரத்தில் சராசரி 50 கிலோமீட்டர் வேகத்தில் 200 கிலோமீட்டர் ஓட்டலாம். திட்டத்தின் எல்லை அதுதான். நாளொன்றுக்கு 400 கிலோமீட்டர் என்று எழுதிக்கொண்டு வருபவர்கள் தார்ச் சாலையைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள், பாலையைப் பார்ப்பதில்லை.

இந்தக் கணக்குக்குள் அடங்கும் சுற்று ஒன்று ஜோத்பூரில் தொடங்கி ஜோத்பூரிலேயே முடிகிறது. மொத்தம் சுமார் 1,100 கிலோமீட்டர். முதல் நாள் ஜோத்பூரிலிருந்து ஓசியான் வழியாகப் பலோடி, சுமார் 140 கிலோமீட்டர். ஓசியானில் எட்டாம் நூற்றாண்டு முதல் எழுந்த கோயில்கள் இருக்கின்றன. மதியத்தை அவற்றுக்குக் கொடுக்கலாம். இரவு பலோடியில் தங்குவதற்குத் தனிக் காரணம் உண்டு. அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கீச்சன் கிராமத்துக்கு மத்திய ஆசியாவிலிருந்தும் மங்கோலியாவிலிருந்தும் ஆயிரக்கணக்கில் கொக்குகள் வந்து குளிர்காலத்தைக் கழிக்கின்றன. ஊரார் அவற்றைக் குர்ஜா என்பார்கள். சாம்பல் உடல், கறுத்த கழுத்து, சிவந்த கண், கண்ணுக்குப் பின்னால் வெள்ளைக் கற்றை. ஊர் மக்கள் வேலி போட்ட திடலில் தினமும் தானியம் இறைக்கிறார்கள். விடிந்ததும் பறவைகள் அணியணியாக அதில் வந்து இறங்கும். 2025 ஜூனில் கீச்சன் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பைக்கில் வருபவர்களுக்கு இது சரியாகப் பொருந்துகிறது: சாலையில் ஓட்ட முடியாத அந்தக் குளிர்ந்த முதல் மணி நேரத்தில்தான் பறவைகள் வருகின்றன. வண்டியை ஊருக்குள் முறுக்காமல் மெதுவாக உருட்டிச் சென்று தள்ளி நிறுத்திவிட வேண்டும்.

இரண்டாம் நாள் ராம்தேவ்ரா, போக்ரான் வழியாக ஜைசல்மேர், சுமார் 170 கிலோமீட்டர். ராம்தேவ்ராவில் இந்துக்களும் முஸ்லிம்களும் வணங்கும் நாட்டார் தெய்வமான பாபா ராம்தேவின் சமாதி இருக்கிறது. போக்ரான் என்றதும் தமிழ் வாசகர்களுக்கு அப்துல் கலாம் நினைவுக்கு வருவார். 1974 மே 18 அன்றும், 1998 மே 11, 13 தேதிகளிலும் அணுகுண்டுச் சோதனைகள் நடந்த களம் இந்த வட்டாரத்தில்தான். அது ராணுவப் பகுதி, பொதுமக்களுக்கு அனுமதியில்லை. அதைத் தேடிக் கிளைச்சாலைகளில் திரிவது வீண்வேலை.

மூன்றாம் நாள் வண்டிக்கு ஓய்வு. ஏழு நாளில் ஒரு நாளை இப்படி விடுவது வீண் என்று தோன்றலாம். ஆனால் அந்த நாள்தான் மற்ற ஆறையும் காப்பாற்றுகிறது. குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் காற்றழுத்தக் கலக்கம் சில சமயம் ஒரு மழையைக் கொண்டுவரும். மாவட் என்று உழவர்கள் கொண்டாடும் அந்த மழை ராபி பயிருக்கு உயிர். பைக்கில் வருபவருக்கோ ஒரு பகல் முடங்கும், அடுத்த இரண்டு நாளும் குளிர் கூடும். அப்போது நகர்த்திக்கொள்ளக் கையில் ஒரு நாள் இருக்க வேண்டும். மழை வராவிட்டால், 1156-இல் ராவல் ஜைசல் எழுப்பிய கோட்டை இருக்கிறது. உள்ளே இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. சந்துகள் குறுகலானவை, வண்டியை விடுதியில் விட்டு நடப்பதே நல்லது.

நான்காம் நாள் 200 கிலோமீட்டர் கணக்கைப் பெரிதாக மீறுகிறது. ஜைசல்மேர், ராம்கட், தனோட், லோங்கேவாலா, மறுபடி ராம்கட் வழியே ஜைசல்மேர் என்று சுமார் 270 கிலோமீட்டர். சாலை நல்ல நிலையில், நேராக, பெரும்பாலும் வெறிச்சோடிக் கிடப்பதால் நேரத்துக்குள் முடிக்கலாம். முழுப் பகலும் வேண்டும். ராம்கட்டில் டேங்கை நிரப்பிவிட வேண்டும், அதற்கப்பால் பங்க்கை நம்பக் கூடாது. 13 லிட்டர் டேங்க் கொண்ட ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 கூட ஒருமுறை நிரப்பினால் 350 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். பாதி டேங்க்கோடு அலட்சியமாகக் கிளம்புபவர்களுக்குத்தான் பெட்ரோல் பிரச்சினையாகிறது. தனோட் மாதா கோயிலை எல்லைப் பாதுகாப்புப் படை பராமரிக்கிறது. 1965 போரில் விழுந்து வெடிக்காமல் போன குண்டுகளைக் கோயிலுக்குள் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து லோங்கேவாலா 40 கிலோமீட்டருக்குள். 1971 டிசம்பரில் மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரி தலைமையில் சுமார் 120 வீரர்கள் பாகிஸ்தான் டாங்கிப் படையை ஓர் இரவு முழுக்கத் தடுத்து நின்ற இடம். விடிந்ததும் ஜைசல்மேரிலிருந்து வந்த ஹண்டர் விமானங்கள் டாங்கிகளைத் தாக்கின. ஆதார் அட்டை கையில் இருக்கட்டும். ராணுவ நிலைகளைப் படமெடுக்கக் கூடாது. வெளிநாட்டவர் எல்லைப் பகுதிக்கு முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். செல்போன் சிக்னல் விட்டுவிட்டு வருவதால் வரைபடத்தை முன்பே போனில் இறக்கி வைப்பது அவசியம்.

ஐந்தாம் நாள் கைவிடப்பட்ட குல்தரா கிராமம், சம் மணல்மேடுகள். சுமார் நூறு கிலோமீட்டர் போதும். சம்மை ஒட்டிய நிலம் 3,162 சதுர கிலோமீட்டர் பரந்த பாலைவனத் தேசியப் பூங்கா; அழிவின் விளிம்பில் நிற்கும் கானமயிலுக்கு மிச்சமிருக்கும் வெகுசில வாழிடங்களில் ஒன்று. தரையில் முட்டையிடும் பறவை அது. மணலைக் கண்டதும் சாலையை விட்டு வண்டியை இறக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். இங்கே அதை அடக்கியே ஆக வேண்டும். பாலை என்றால் வெறும் பாழ்நிலம் என்ற எண்ணம்தான் அந்தப் பறவையை இந்த நிலைக்குத் தள்ளியதில் பெரும்பங்கு வகித்தது.

ஆறாம் நாள் பார்மேர், சுமார் 155 கிலோமீட்டர். ஜைசல்மேரிலிருந்து 17 கிலோமீட்டரில் ஆகல் புதைபடிவப் பூங்கா. ஜுராசிக் காலத்தில் காடாக நின்ற மரங்கள் கல்லாகக் கிடக்கின்றன. மதியத்துக்குள் பார்மேர் சேர்ந்தால் மேற்கே 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கிராடு கோயில்களையும் பார்த்துவிட்டு வெளிச்சத்தில் திரும்பலாம். ஏழாம் நாள் பலோத்ரா வழியாக ஜோத்பூர், சுமார் 200 கிலோமீட்டர்.

துணிமணியில் தடிமனை விட அடுக்கே முக்கியம். மதியம் 24 டிகிரியில் கனத்த ஜாக்கெட் புழுக்கும். உள்ளே தெர்மல், மேலே ஸ்வெட்டர், அதற்கு மேல் காற்றுப் புகாத ரைடிங் ஜாக்கெட் என்றால் பதினொரு மணிக்கு ஒன்று, பன்னிரண்டுக்கு ஒன்று என்று கழற்றிப் பையில் வைக்கலாம். மழைக்கோட்டு காற்றையும் நிறுத்தும். மழையில்லாத காலையிலும் அது பயன்படும். கையுறை இரண்டு ஜோடி வேண்டும், குளிருக்கு ஒன்று, பகலுக்கு ஒன்று. ஹெல்மெட்டுக்குள் மெல்லிய குரங்குக் குல்லா. குளிரில் தாகம் தெரியாது, வறண்ட காற்றோ உடம்பின் நீரை இழுத்துக்கொண்டே இருக்கும்; நின்ற இடத்திலெல்லாம் தண்ணீர் குடிக்க வேண்டும்.

வண்டியைப் பொறுத்தவரை முதல் எதிரி முள். தமிழ்நாட்டுக் கண்மாய்களை அடைத்து நிற்கும் அதே சீமைக் கருவேலம் ராஜஸ்தான் சாலையோரங்களிலும் நிற்கிறது. காலுறையில் ஒட்டிக்கொண்டு பிடுங்கப் பிடுங்க விரலில் ஏறும் பூரட் புல்லின் முட்களும் உண்டு. ஸ்போக் வீல் வண்டிகளில் பெரும்பாலும் டியூப்தான். மாற்று டியூப், டயர் லீவர், காற்றுப் பம்ப் மூன்றும் இல்லாமல் தனோட் பக்கம் போகக் கூடாது. டியூப்லெஸ் டயருக்குப் பஞ்சர் கிட் போதும். மணல் தூசு செயினில் எண்ணெயோடு கலந்து உப்புத்தாள்போல அரைக்கும். தினமும் மாலையில் துடைத்து, லேசாக லூப் அடிக்க வேண்டும். சாலையின் குறுக்கே காற்று கொட்டியிருக்கும் மணல் வளைவுகளில்தான் கவிழ்க்கும். அதில் பிரேக் பிடிக்காமல், முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து நேராகக் கடக்க வேண்டும். இருட்டிய பின் ஓட்டக் கூடாது என்பதற்கு ஒட்டகமும் நீல்காய் மானும் போதுமான காரணங்கள். ஒட்டகத்தின் கால்கள்தான் ஹெட்லைட் உயரத்தில் இருக்கும், உடம்பு ஓட்டுபவரின் முகத்துக்கு நேரே.

சொந்த வண்டி வேண்டுமானால் சென்னையிலிருந்து ஜோத்பூருக்கு ரயிலில் பார்சல் அனுப்பலாம். டேங்க்கைக் காலி செய்து, ஆர்.சி. நகலும் அடையாளச் சான்றும் கொடுக்க வேண்டும். வண்டி ஆளுக்கு முன்னோ பின்னோ வந்து சேரலாம் என்பதால் இரு முனையிலும் ஒரு நாள் கூடுதலாக ஒதுக்குவது பாதுகாப்பு. ஏழே நாள்தான் விடுப்பு என்றால் ஜோத்பூரில் வாடகைக்கு எடுப்பதே உத்தமம். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து நம்பர் பிளேட் உள்ள வண்டிதான் சட்டப்படி வாடகைக்கு விடத்தக்கது. வெள்ளைப் பலகை வண்டியில் விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கை கொடுக்காமல் போகலாம். எடுக்கும்போதே டயர், பிரேக், செயின், ஹெட்லைட் நான்கையும் பார்த்து, கீறல்களைப் படமெடுத்து வைத்துக்கொண்டால் ஏழாம் நாள் மாலை வண்டியைத் திருப்பித் தரும்போது பேச்சுக்கு இடமிருக்காது.