சம்பளச் சீட்டில் தெரியாத கழிவு

மாதக் கடைசியில் சம்பளக் கணக்குப் பார்ப்பது என் வேலை. அறுபது பேர் வேலை செய்யும் சிறிய நிறுவனம். புதிதாகச் சேரும் நம் பிள்ளைகள் முதல் சம்பளம் வந்ததும் என் மேசைக்கு வருவார்கள். “அக்கா, 3,000 வெள்ளி என்றுதானே சொன்னார்கள்? 2,393தான் வந்திருக்கிறது.” மசேநிக்கு 20 விழுக்காடு, அதாவது 600 வெள்ளி. சிண்டாவுக்கு 7 வெள்ளி. நிறுவனமும் தன் பங்குக்கு 510 வெள்ளி போட்டிருக்கிறது என்று காட்டினால் முகம் கொஞ்சம் தெளியும்.

முப்பது வயதைத் தொட்டவர்கள் கேட்பது வேறு. “கேர்ஷீல்டு லைஃப் என்று கடிதம் வந்திருக்கிறது. நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லையே. நீங்களா பிடிக்கிறீர்கள்?”

நாங்கள் பிடிப்பதில்லை. அந்த 3,000 வெள்ளி சம்பளத்தில் 8 விழுக்காடு, 240 வெள்ளி, மாதாமாதம் மெடிசேவ் கணக்குக்குப் போகிறது. கேர்ஷீல்டு சந்தாவை ஆண்டுக்கு ஒருமுறை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். அதனால்தான் சம்பளச் சீட்டில் அது தெரிவதே இல்லை. 1980லும் அதற்குப் பிறகும் பிறந்த சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் 30 வயதானதும் இதில் தாமாகவே சேர்க்கப்படுகிறார்கள். விலக முடியாது. 2020 அக்டோபரில் திட்டம் தொடங்கியபோது, மானியத்துக்கு முன் 30 வயது ஆணுக்கு ஆண்டுச் சந்தா 206 வெள்ளி, பெண்ணுக்கு 253 வெள்ளி. பெண்கள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள், அதிலும் கூடுதல் காலம் முடியாமல் இருக்கிறார்கள் என்பது காரணம். வீட்டில் எல்லாரையும் பார்த்துக்கொள்கிறவளுக்கே சந்தா அதிகம் என்பது எனக்கு இன்னும் உறுத்தல்தான்.

குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிவறைக்குப் போவது, நடமாடுவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது. இந்த ஆறில் மூன்றைப் பிறர் உதவியில்லாமல் செய்ய முடியாதவருக்கு மாதந்தோறும் ரொக்கம் கிடைக்கும், அந்த நிலை நீடிக்கும்வரை, ஆயுள் முழுக்க. 2020ல் 600 வெள்ளியாக இருந்தது, 2025ல் 662. 2026 முதல் ஆண்டுக்கு 4 விழுக்காடு கூடும்.

இதையெல்லாம் நான் கணக்கு வேலையில் கற்றுக்கொள்ளவில்லை. அப்பாவால் கற்றுக்கொண்டேன்.

2002ல் எல்டர்ஷீல்டு வந்தபோது அப்பாவுக்கு வயது 52. கப்பல் பட்டறையில் வேலை. விருப்பமில்லாதவர்கள் விலகிக்கொள்ளலாம் என்று இருந்தது. அவர் விலகிவிட்டார். “ரெண்டு பிள்ளைங்க இருக்கும்போது நமக்கு எதுக்கு இன்சூரன்ஸ்?” என்றாராம். தம்பியும் நானும் அப்போது பள்ளியில். எங்கள் பள்ளிச் செலவுக்கிடையே ஒவ்வொரு வெள்ளியையும் எண்ணியவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

2018ல் அவருக்குப் பக்கவாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது. ஆறில் ஐந்து போய்விட்டது. இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிடுவது மட்டும் மிஞ்சியது. பணிப்பெண் வந்தார். அவருக்கான வரியில் சலுகை கிடைத்தது, மாதம் 60 வெள்ளிதான். ஆனாலும் அவர் சம்பளம், டயப்பர், சக்கர நாற்காலி, மருத்துவமனைக்குப் போய்வர வண்டி என்று தம்பியும் நானும் ஒவ்வொரு மாதமும் பிரித்துக் கட்டினோம். தம்பி தன் திருமணத்தை இரண்டு ஆண்டு தள்ளிப்போட்டான். அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எல்டர்ஷீல்டில் கிடைத்திருக்கக்கூடியது மாதம் சில நூறு வெள்ளி, அதுவும் சில ஆண்டுகளுக்குத்தான். எல்லாச் செலவும் தீர்ந்திருக்காது. பணிப்பெண் சம்பளத்தில் பாதியாவது வந்திருக்கும்.

2020ல் கேர்ஷீல்டு வந்தது. மறு ஆண்டு, 1979க்கும் அதற்கு முன்பும் பிறந்தவர்கள் விரும்பினால் சேரலாம் என்று கதவைத் திறந்தார்கள். ஏற்கெனவே கடும் உடற்குறை உள்ளவர்களுக்கு மட்டும் இடமில்லை. காப்புறுதி என்றால் அப்படித்தான் இருக்க முடியும். இருந்தாலும் அந்த வரியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மெடிசேவிலிருந்து மாதம் 200 வெள்ளி வரை ரொக்கமாக எடுக்கலாம் என்ற ஏற்பாடுதான் கொஞ்சம் கைகொடுத்தது. 2022ல் அப்பா காலமானார்.

இப்போது அம்மா. வயது 69. சர்க்கரை உண்டு, அப்பாவைத் தூக்கித் தூக்கி இடுப்பும் போய்விட்டது. ஆனால் ஆறும் தாமே செய்கிறார். அதனால் இன்னும் சேர முடியும். இந்த வயதில் சேர்ந்தால் சந்தா கூடுதல், பத்து ஆண்டுக்குக் கட்ட வேண்டும். பிள்ளைகளின் மெடிசேவிலிருந்தும் கட்டலாம். தம்பியும் நானும் பேசி முடித்துவிட்டோம். அம்மாதான் ஒப்புக்கொள்ளவில்லை.

“பத்து வருஷமா? அதுக்குள்ள நான் போயிட்டா காசு வீண்தானே?”

“போகாம படுத்துட்டா என்னம்மா செய்யறது?” என்று கேட்டேன். மகள் கேட்கக்கூடாத கேள்விதான். வேறு எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை.

அம்மா வெகுநேரம் பேசவில்லை. வெங்காயத்தை நறுக்கி முடித்தார். பிறகு, “உங்கப்பாவைத் தூக்க நான் இருந்தேன். நீயும் வேலைக்குப் போற, அவன் பெண்டாட்டியும் வேலைக்குப் போறா” என்றார். கொஞ்சம் கழித்து, “சிங்பாஸ் பாஸ்வேர்ட் எல்லாம் எனக்கு ஞாபகமில்ல” என்றார்.

முகத்தைக் காட்டினால் போதும் என்றேன்.

கையைத் துடைத்துக்கொண்டு, தலை வாரப் போனார்.