அப்பிரதட்சிணம்

ஏரிக்கரையில் சைக்கிள் ஓட்டக் காசு கொடுப்பார்களா என்றுதான் முதலில் கேட்டேன். நான் வீராணம் ஏரிக்கரையில் வளர்ந்தவன். அந்தக் கரைமேல் பின்கேரியரில் நெல் மூட்டை வைத்து மிதித்திருக்கிறேன், புல்லுக்கட்டு வைத்து மிதித்திருக்கிறேன், எதிர்காற்று அடிக்கிற நாளில் இறங்கித் தள்ளியும் இருக்கிறேன். அதையெல்லாம் காட்சி என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஒசாகாவில் வேலை பார்க்கும் தங்கை மகன், பிவா ஏரியில் இரண்டு நாள் சைக்கிள் பயணத்துக்கு எனக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டு, "மாமா, உங்க தலைக்கு என்ன சைஸ் ஹெல்மெட்?" என்று போனில் கேட்டபோது சிரித்துவிட்டேன்.

ஜப்பானின் பெரிய ஏரி பிவா. அதை ஒரு முழுச் சுற்று வந்தால் சுமார் 200 கிலோமீட்டர். என்னைப் போன்றவர்கள் தெற்கு வாலை விட்டுவிட்டு, வடபகுதியை மட்டும் 150 கிலோமீட்டரில் முடித்துக்கொள்ளலாம். இந்தச் சுற்றை 'பிவா இச்சி' என்கிறார்கள். 2019இல் அரசு இதைத் தேசிய சைக்கிள் பாதைகளில் ஒன்றாக அறிவித்தது. வழி நெடுக சாலையோரத்தில் நீலக் கோடும் அம்புக்குறியும் உண்டு. தொலைய வழியே இல்லை. ஒன்றுதான் எனக்கு உறுத்தியது. அத்தனை பேரும் அப்பிரதட்சிணமாகச் சுற்றுகிறார்கள். கோயில் பிரகாரத்தில் யாராவது இப்படி நடந்தால் கிழவிகள் சும்மா விடமாட்டார்கள். விஷயம் இவ்வளவுதான்: அங்கேயும் நம் ஊர் போல இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். அப்படிச் சுற்றினால்தான் தண்ணீர் நம் பக்கம் இருக்கும்.

பத்தாவது கிலோமீட்டரிலேயே தகராறு. நானும் மருமகனும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டியபடி ஊர்க்கதை பேசிக்கொண்டு வந்தோம். சைக்கிளில் பேசாமல் எப்படிப் போவது? வழிகாட்டிய பெண்மணிக்கு அறுபது வயதிருக்கும். கையை உயர்த்தி எட்டுப் பேரையும் நிறுத்தினார். ஒருவர் பின் ஒருவராகத்தான் வரவேண்டும், சட்டமே அதுதான் என்று சிரித்த முகமாகச் சொன்னார். கொஞ்ச தூரம் ஒழுங்காக இருந்தேன். பிறகு மறந்துவிட்டேன். இரண்டாம் முறை அவர் சிரிக்கவில்லை. "ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லையே, யாருக்கு இடைஞ்சல்?" என்று கேட்டேன். மருமகன் அதைப் பாதிதான் மொழிபெயர்த்தான் என்பது அவன் குரலிலேயே தெரிந்தது. அவர் என்னைத் தமக்கு நேர் பின்னால் நிறுத்திக்கொண்டார். வாயாடிப் பையனை முதல் பெஞ்சுக்கு மாற்றுகிற அதே வேலை.

அதன்பின் மதியம்வரை நான் பார்த்த பிவா ஏரி, அந்த அம்மாளின் மஞ்சள் மழைச்சட்டை முதுகுதான். இடையில் ஒரு டீக்கடை கிடையாது. கரையில் குப்பை கிடையாது, ஆடு கிடையாது, ஆளும் கிடையாது. சுத்தம் எரிச்சலூட்டும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

மதியச் சாப்பாடு வடகரையில், கைஸு என்ற கிராமத்தில். சோறு, சூப், ஊறுகாய் எல்லாம் வந்தபின் ஒரு சிறிய தட்டு வந்தது. மெல்லிசாக நறுக்கிய மீன், நடுவில் ஆரஞ்சு நிறச் சினை, சுற்றிலும் கூழாகிப்போன சோறு. மருமகன் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டான். "அதை மட்டும் தொடாதீங்க மாமா."

நாற்றம் எனக்கு முன்பே தெரிந்த நாற்றம். மூன்று நாள் பழையதை மறந்துபோய்த் திறந்த பானை. பக்கத்தில் கருவாட்டுக் கூடை. ஜப்பான்காரன் சாப்பாட்டில் வாசமே இருக்காது என்று நான் நினைத்திருந்ததெல்லாம் அந்தத் தட்டில் போயிற்று. ஒரு துண்டு வாயில் போட்டேன். புளிப்பு, உப்பு, பிறகு சினையின் கொழுப்பு. இரண்டாவது துண்டுக்குக் கை தானாகப் போனது. முன் பெஞ்சு ஆசிரியை முதன்முறையாக என்னை நேராகப் பார்த்தார்.

பெயர் ஃபுனாசுஷி. சினை பிடித்த நிகோரோபுனா மீனை, கெண்டை இனம்தான், வசந்தத்தில் உப்பில் போட்டு மாதக்கணக்கில் வைத்து, கோடையில் கழுவி, வடித்த சோற்றுக்குள் அடுக்கிக் கல்லேற்றி விடுகிறார்கள். மறுபடி மாதங்கள், சில வீடுகளில் வருடங்கள். உலகமே தின்னும் சுஷிக்கு மூதாதை இந்த மாதிரிச் சோற்றில் புளித்த மீன்தான். வயிறு சரியில்லாவிட்டால் தன் அம்மா இதில் ஒரு துண்டின்மேல் சூடான தேநீர் ஊற்றிக் கொடுப்பார் என்றார் வழிகாட்டி. எங்கள் வீட்டில் நீராகாரம் என்றேன். இந்தமுறை மருமகன் முழுசாக மொழிபெயர்த்தான்.

விலையைக் கேட்டபோதுதான் அவர் முகம் மாறியது. ஒரு மீன் சில ஆயிரம் யென். நிகோரோபுனா இந்த ஏரிக்கே உரியது, அது குறைந்துவிட்டது. காரணங்களில் ஒன்று, புளூகில் என்ற அமெரிக்க மீன். 1960இல் பட்டத்து இளவரசராக இருந்த அகிஹித்தோவுக்கு சிகாகோ மேயர் அன்பளிப்பாகக் கொடுத்தது. வளர்த்துச் சாப்பிடலாமே என்று இளவரசர் ஆராய்ச்சிக்குக் கொடுக்க, அது பெருகி ஏரிகளில் பரவி முட்டையையும் குஞ்சையும் தின்றது. 2007இல், பேரரசராக, இதே ஏரிக்கரை நகரமான ஒட்ஸுவில் வைத்து அவர் அதற்காக மனம் வருந்துவதாகச் சொன்னார். அவரே மீன் ஆராய்ச்சியாளர்! நம் குளங்களில் ஜிலேபிக் கெண்டை நிரம்பிக் கிடக்கிறது. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்காக யாரும் வருந்தியதாக நான் கேட்டதில்லை.

சாப்பிட்டு ஓரிரு கிலோமீட்டர் போனதும் வழிகாட்டி மறுபடி கையை உயர்த்தினார். நான் எந்தத் தப்பும் செய்யவில்லை. சைக்கிளைச் சாய்த்துவிட்டு வயலோர வடிகாலுக்குக் கூப்பிட்டார். வயலைச் சீர்படுத்தி வடிகாலை ஆழமாக்கியபின் ஏரி மீன் வயலுக்கு ஏற முடியாமல் போயிற்றாம். இப்போது குறுக்கே பலகைகள் அடைத்து, படிப்படியாகத் தண்ணீரை வயல்மட்டம்வரை உயர்த்தியிருக்கிறார்கள். மீன் வயலில் முட்டையிட, குஞ்சுகள் வளர்ந்து ஏரிக்கு இறங்கும். அந்த வயலின் அரிசி 'மீன் தொட்டில்' அரிசி என்று தனிப்பெயரில் விற்கிறது. முந்தின இரவு மழை. கைநீள மீன் ஒன்று பலகையில் மோதி விழுந்தது, திரும்ப எம்பியது, ஏறிவிட்டது. புதுத்தண்ணி வந்ததும் அப்பாவின் பழைய வேட்டியை மடைவாயில் கட்டிக்கொண்டு நின்ற ஞாபகம் வந்தது. அதைச் சொன்னேன். பிடித்துத் தின்றுவிடுவோம் என்றும் சொன்னேன். நாங்களும் அப்படித்தான் செய்தோம் என்றார் அவர்.

போகிறவர்கள் ஜூன் மாதம் போங்கள், மழைக்கு மறுநாள். ஏரியைப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, வடிகாலை எட்டிப் பாருங்கள். ஒருவர் பின் ஒருவராகவே ஓட்டுங்கள்.