கோச்சிப்பாதை மனிதர்கள்

வெயிலேறிய சிலிப்பர் கட்டைகளிலிருந்து கிளம்பும் தார் வாடை உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். ஆகஸ்ட் விடுமுறையில் அது இன்னும் கனத்து வரும். கச்சான் காற்று மலைகளை வறட்டிக்கொண்டு வீசும். மானாப்புல் காய்ந்து சரசரக்கும். கருப்பந்தைல மரத்து வாசமும், ஏதோ ஒரு தோட்டத்து ஸ்டோரில் வாடப்போட்ட கொழுந்தின் வாசமும் அதோடு சேர்ந்துகொள்ளும். ஊவாத் தேயிலைக்கு வெளியுலகில் பேர் வாங்கிக் கொடுத்தது ஆடியிலும் ஆவணியிலும் அடிக்கிற அந்த வறட்டுக் காற்றுதான். கொழுந்தெடுக்கிற பொம்பளைகளின் உதட்டை வெடிக்க வைத்ததும் அதே காற்று.

அந்த நாட்களில் விடியற்காலையிலேயே புறப்பட்டு, பதுளையிலிருந்து தண்டவாளத்து மேலேயே தனியாக நடக்கத் தொடங்கிவிடுவேன். பக்கத்துத் தோட்டங்களில் பிரட்டுக்கு ஆள் கூப்பிடத் தப்படிக்கிற சத்தம் பனிக்குள்ளிருந்து கேட்கும். கையில் பழைய பேப்பரில் சுற்றிய ரொட்டியும் சம்பலும். 73, 74 பஞ்சத்தில் ரொட்டிக்கு மாவு ஏது? அவித்த மரவள்ளிதான், அதுவும் கிடைத்தால்.

தோட்டத்து ரோட்டில் நடந்தால் காவல்காரர் மறிப்பார், கணக்கப்பிள்ளை விசாரிப்பார், துரை பங்களாப் பக்கம் தலைவைக்கவே முடியாது. கோச்சிப்பாதை அப்படியில்லை. மலையைக் குடைந்து, பள்ளத்தைத் தாண்டி, 1924ல் பதுளைக்கு வந்து சேர்ந்த அந்த இரும்புப்பாதை எங்களைப் போன்ற லயத்துப் பிள்ளைகளுக்குச் சொந்தப் பாதையாகவே இருந்தது. ஒரு பக்கம் பாறைகளில் மோதிக்கொண்டு பதுளு ஓயா கூடவே வரும். சிலிப்பர் கட்டைகளின் இடைவெளி ஒவ்வொன்றாக வைத்தால் எட்டுக்குச் சிறிசு, இரண்டிரண்டாகத் தாண்டினால் பெரிசு. ஹாலிஎல வருவதற்குள் கால் தானாக ஒரு தாளத்தைப் பிடித்துக்கொள்ளும்.

தனியாக என்று சொன்னேனே தவிர, தனியாக விட்டவர் யார்? பாதையோரத்து லயங்களிலிருந்து குரல் வந்துகொண்டே இருக்கும். "ஏய் தம்பி, யாரு வூட்டுப் புள்ள நீ? எந்தத் தோட்டம்?" சொன்னால், அப்பாயி பேரைக் கேட்பார்கள். அப்பாயி பேரைச் சொன்னால், எந்தக் கங்காணி பிரட்டில் அவர் பேர் போட்டார் என்பதுவரை பேச்சு நீளும். கடைசியில் ஏதோ ஒரு வழியில் மாமன், மச்சான் முறை வந்துவிடும். கோச்சிப்பாதை வேலைக்காரர்கள், தோளில் நீளச் சாவியைச் சுமந்தபடி, "பத்து மணிக் கோச்சிக்கு முந்தி சுரங்கத்துக்குள்ள பூந்து வெளிய போயிரு" என்று எச்சரித்து அனுப்புவார்கள்.

உடுவரைக்கு அப்பால் ஒரு லயத்தில் ஒரு பாட்டி இருந்தாள். இஸ்தோப்பில் சாக்கை விரித்து உட்காரவைப்பாள். எனாமல் கோப்பையில் சாயம் ஊற்றித் தருவாள். வலது கையில் கோப்பை, இடது உள்ளங்கையில் ஒரு சிட்டிகைச் சீனி. ஒரு வாய் சாயம், ஒரு நக்கு சீனி. அந்தச் சீனி தீராமல் கடைசி மிடறுவரை கொண்டுபோவது ஒரு கலை. பாட்டி எதிரில் குந்தியபடி பார்த்துக்கொண்டே இருப்பாள். காலியான உள்ளங்கையைச் சேலை முந்தானையால் துடைத்துவிட்டுத்தான் அனுப்புவாள். இஸ்தோப்புக்குக் கீழே பீலித் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும்.

தெமோதரையை நெருங்கும்போது பாதை ஸ்டேசனுக்கு அடியிலேயே சுரங்கமாய்ப் புகுந்து, மலையைச் சுற்றி ஏறி, அதே ஸ்டேசனுக்கு மேலே வந்து நிற்கும். சுரங்கத்துக்குள் குளிர் முகத்தில் அறையும். மேலிருந்து சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர். ஆள் ஒதுங்கச் சுவரில் விட்டிருக்கும் குழிவைக் கை தடவிக்கொண்டே போகும். ஏற்றத்துக்கு வழி தெரியாமல் தவித்த இஞ்சினியருக்கு, ஒரு கங்காணி தன் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்ததாம். எங்கள் பக்கம் அதைக் கதையாக யாரும் சொன்னதில்லை, நடந்ததாகவே சொன்னார்கள். நான் இன்றும் நம்புகிறேன்.

அதைத் தாண்டினால் 1921ல் கல்லாலும் செங்கல்லாலும் கட்டிய ஒன்பது வளைவுப் பாலம். அதன் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து ரொட்டியைப் பிரிப்பேன். சாயங்காலம் எல்ல ஸ்டேசனில் திரும்பும் கோச்சி. கனடா நாடு 1954ல் கொழும்புத் திட்டத்தில் தந்ததென்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்லும் கனடா எஞ்சின் சில நாட்களில் வரும். டிரைவரும் போர்ட்டரும் தோல்பை கோத்த வளையத்தைக் கைமாற்றிக்கொள்வதைப் பார்க்கவே ஜன்னலோரம் நிற்பேன்.

அதே கோச்சியில்தான் சனம் போனது. 1964ல் சிறிமாவும் சாஸ்திரியும் போட்ட கையெழுத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதியாயிற்று. பதுளை ஸ்டேசனில் தகரப்பெட்டி, அம்மி, சுருட்டிய பாய். ரோதைமுனிச் சாமிக்குக் கடைசியாய்ச் சூடம் ஏற்றிவிட்டு வந்தவர்கள் நெற்றியில் திருநீறோடு ஏறுவார்கள். தலைமன்னார் போய், கப்பலேறி, ராமேஸ்வரம். உடுவரைப் பாட்டியின் மகன் குடும்பத்துக்கு இந்தியாவுக்குப் போகிற சீட்டு வந்தது, பாட்டியையும் கூட்டிப் போனார்கள். 83 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு போனவர்களுக்கு மேளமும் இல்லை, வழியனுப்ப ஆளும் இல்லை.

இப்போது அந்த லயத்துக் கூரைத் தகரம் துருவேறிக் கிடக்கிறது. இளவட்டங்கள் கொழும்புக் கடைகளில். தேயிலை மலையை மானாப்புல் மூடிவிட்டது. பாலத்தில் எந்நேரமும் படம் பிடிக்கிற கூட்டம். ஹாலிஎலயிலிருந்து தெமோதரை வரை நடந்தாலும் நீ யார் வீட்டுப் பிள்ளை என்று ஒரு குரல் கேட்காது.

அப்படிப் போனவர்களிடமிருந்து, கோத்தகிரிப் பக்கமிருந்து, ரொம்ப நாள் கடிதம் வந்தது. எந்தக் காம்பராவில் இப்போ யார், பீலியில் தண்ணி வருதா, காமன் கூத்து நடந்ததா, கொய்யா காய்ச்சிருக்கா என்று கேட்டு எழுதுவார்கள். அம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லச் சொல்ல நான் எழுதிக் கொடுப்பேன். அம்மா போனபிறகும் சில கடிதங்கள் வந்தன. கேட்டவற்றுக்குப் பதில் சொல்லும் விவரம் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.