கல் ஏறிய பேனாக்கத்தி

இக்கட்டுரையில் வரும் 'நாங்கள்' இரண்டு பேர், அக்காளும் தம்பியும். எழுதுபவர் மூத்தவர், கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். தம்பி படித்துத் தலையசைத்த பிறகே இது இங்கே வருகிறது. ஆகையால் 'நான்' என்று எழுத மனம் வரவில்லை. செய்த வேலை இருவருடையது, செய்த பிழைகளும் அப்படியே.

எங்கள் அப்பா திருநெல்வேலி டவுணில் தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்தார். அவருடைய சட்டைப்பையில் எப்போதும் ஒரு பேனாக்கத்தி கிடக்கும். நான்கு விரல் நீளம்; மடக்கினால் உள்ளங்கைக்குள் ஒளிந்துவிடும். முதல் பாடவேளை தொடங்குமுன் பிள்ளைகள் வரிசையாகப் பென்சிலை நீட்டுவார்கள், அவர் சீவிக் கொடுப்பார். மாலையில் அதே கத்தி பாக்கைச் சீவும். குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போனால் படித்துறையில் உட்கார்ந்து எங்களுக்கு மாங்காய் நறுக்கும். கத்தியின் இரு பக்கமும் எருமைக் கொம்பு. இடது பக்கக் கொம்பில் அவர் கட்டைவிரல் அழுந்தி அழுந்திச் சிறு பள்ளம் விழுந்திருந்தது.

அப்பா 2019இல் காலமானார். அதன்பின் வீட்டை விற்பதா வைத்துக்கொள்வதா என்ற பேச்சு எழுந்தது. பேச்சு வழக்கமாக எங்கே போய் முடியுமோ அங்கே போய் முடிந்தது. வீடு விற்கப்பட்டது, நாங்கள் பேசிக்கொள்வது நின்றது. கத்தி தம்பியிடம் போயிற்று. அம்மாவின் அம்மி அக்காள் வீட்டுக்கு வந்தது. வண்டியிலிருந்து இறக்கும்போது குழவி கைதவறி விழுந்து இரண்டாக உடைந்தது. உடைந்த குழவியை எறியவும் முடியவில்லை, வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றும் தெரியவில்லை. மாடிப்படிக்குக் கீழே கிடந்தது.

இரண்டாண்டுகள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்து நின்றான். கைக்குட்டையில் கத்தி இருந்தது. வலது பக்கக் கொம்பு பூச்சி அரித்து, ஏடு ஏடாகப் பிளந்து உதிர்ந்துவிட்டிருந்தது. "அக்கா, இத என்ன செய்ய?" என்றான். இரண்டாண்டுகளில் நாங்கள் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

புதுக் கத்தி வாங்குவது பற்றி யாரும் பேசவில்லை. வலப்பக்கத்துக்கு மட்டும் எதையாவது பொருத்த வேண்டும்; இடப்பக்கத்துப் பள்ளத்தைத் தொடக்கூடாது. இதில் மட்டும் முதல் நாளே ஒத்துப்போனோம். எதைப் பொருத்துவது என்பதில்தான் வழக்கம்போல் ஒத்துப்போகவில்லை. மான்கொம்பு என்ற எண்ணம் எழுந்த உடனே கைவிடப்பட்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அதை வாங்குவதும் விற்பதும் குற்றம். தந்தத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மரம் எளிது, பிளாஸ்டிக் அதைவிட எளிது. அப்போது தம்பியின் கண் மாடிப்படிக்குக் கீழே போயிற்று.

தமிழ் படித்தவருக்கு இந்த இடத்தில் மடக்கெழுத்தாணி நினைவுக்கு வருவது இயல்பு. 1940இல் ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கிய 'என் சரித்திர'த்தில் உ.வே.சா. எழுத்தாணி வகைகளை விவரிக்கிறார். ஓலையை வாருவதற்கான கத்தியும் எழுதுவதற்கான ஆணியும் ஒரே பிடிக்குள் மடங்கி அடங்கும் கருவி அது. நம் பேனாக்கத்திக்கு அதை மூத்த உறவு என்றே சொல்லலாம். சுவடி தேடி அவர் எங்கள் டவுணுக்கும் வந்திருக்கிறார். தெற்குப் புதுத்தெருக் கவிராயர் வீட்டில் அவர் கண்ட ஏடுகளைப் பற்றிப் படித்துவிட்டு அந்தத் தெருவில் நடந்தால், எத்தனை மடக்கெழுத்தாணிகள் எத்தனை மடிகளில் இருந்திருக்கும் என்று தோன்றும்.

கல்லில் பிடி போடுவதும் புதிதன்று. பதினேழாம் நூற்றாண்டு முகலாயக் குறுவாள்களுக்குப் பச்சைக்கல்லிலும் பளிங்கிலும் பிடி செதுக்கினார்கள். பிடியைக் குடைந்து, உருக்கிய அரக்கை ஊற்றி, அலகின் வாலை அதனுள் செருகி இறுகவிடுவார்கள். நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வுகள் ஒரே ஊரில் இரும்பு உருக்கும் உலைகளையும் கல்மணி செய்யும் பட்டறைகளையும் காட்டின. எங்கள் தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர் இருக்கிறது. 1876இல் ஜாகோரும் அதன்பின் அலெக்சாண்டர் ரீயும் அங்கே தோண்டியபோது இரும்பு ஆயுதங்கள் ஏராளமாகக் கிடைத்தன. மரமும் கொம்பும் மண்ணுக்குள் மக்கிவிடும். இரும்பு துருவாகவாவது மிஞ்சும். ஒரு கருவியில் மனிதக் கை பட்ட பகுதிதான் முதலில் அழிகிறது என்பதை அப்பாவின் கத்தி எங்களுக்கு எழுபதே ஆண்டுகளில் காட்டிவிட்டது.

குழவித் துண்டைக் கல்லூரியில் நிலவியல் அறிந்த நண்பர் ஒருவரிடம் காட்டினோம். உடைந்த முகத்தைப் பார்த்துவிட்டுச் சார்னோகைட் என்றார். பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. கல்கத்தாவோடு பெயர் சேர்த்துப் பேசப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் சென்னைப் பக்கத்துப் பல்லாவரத்திலிருந்து போனது. அந்தக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் அவர் பெயரையே பாறைக்கு வைத்தார். அம்மா முப்பது ஆண்டு தேங்காய் அரைத்த கல்லுக்கு ஒரு வெள்ளைக்காரருடைய பெயர் என்று அறிந்து நாங்கள் சிரித்தோம். இருவரும் ஒன்றாகச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

நண்பர் ஓர் எச்சரிக்கையும் செய்தார். மோ அளவுகோலில் மாக்கல் 1, வைரம் 10. எங்கள் கல்லில் குவார்ட்சு 7, ஃபெல்ட்ஸ்பார் 6, கரிய தாதுக்கள் இன்னும் சற்றுக் குறைவு. மெருகேற்றும்போது மென்மையான மணிகள் முன்னே தேய்ந்து குழியும், கடினமானவை மேட்டில் நிற்கும். அகேட் போன்ற ஒரே சீரான கல்லுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் எங்களுக்கு வேண்டியது அகேட் அன்று.

டவுணில் நகைக்குக் கல் பதிப்பவர்கள் உண்டு. அவர்களுடைய கருவிகள் கடுகளவு கற்களுக்கானவை. கிரானைட் அறுக்கும் பட்டறை ஒன்றில் தண்ணீர் ஊற்றி ஓடும் வைரப் பற்சக்கரத்தில் குழவியை நீளவாக்கில் நான்கு மில்லிமீட்டர் கனத்தில் இரண்டு சீவல்களாக அறுத்துத் தந்தார்கள். ஒவ்வொரு சீவலையும் நகத்தால் தட்டிப் பார்த்தார் அறுத்தவர். உள்ளே விரிசல் இருந்தால் ஓசை அடங்கி ஒலிக்குமாம். நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்து இசைத்தூண்களைத் தட்டிப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்தச் சோதனை புரிந்தது. இரண்டும் நன்றாகவே ஒலித்தன.

முதல் சீவலை நாங்கள்தான் உடைத்தோம். மடக்குக் கத்தியின் அமைப்பு எளியது. இரு பித்தளைத் தகடுகளுக்கு நடுவே அலகு. அலகின் முதுகில் வில்லாக அழுத்தும் எஃகுத் துண்டு. எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கும் ரிவிட்டுகள். தகடுகளுக்கு மேலே அழகுக்கும் பிடிமானத்துக்கும் கொம்பு. பழைய கொம்பு ரிவிட்டால் அடிக்கப்பட்டிருந்தது. கல்லையும் அப்படியே துளையிட்டு அடிக்கலாம் என்று எங்களில் ஒருவர் சொன்னார். துளை ஒழுங்காக விழுந்தது. மூன்றாவது சுத்தியல் தட்டில் கல் துளையிலிருந்து விளிம்புவரை பிளந்தது. யார் சொன்னது என்று அன்று மாலை ஒரு சண்டை நடந்தது. கல்லைப் பற்றித் தொடங்கிய சண்டை கால்மணி நேரத்தில் வீட்டைப் பற்றியதாக மாறியது. தம்பி எழுந்து போய்விட்டான்.

மறு ஞாயிறு வந்தான். இருவருமாக வாகையடி முக்குப் பக்கம் பூட்டுப் பழுது பார்க்கும் ஓர் அண்ணாச்சியிடம் போனோம். பிளந்த சீவலைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

"சார்வாள், கொம்பு அடிச்சா வளைஞ்சு குடுக்கும். கல்லு குடுக்காது. ரிவிட்டப் பூராவும் தகட்டோட முடிச்சிருங்க. கல்ல மேல ஒட்ட மட்டும் செய்யணும், பாத்துக்கிடுங்க."

தகட்டை அவரே சரிசெய்து, ரிவிட்டுத் தலைகளைத் தகட்டோடு சமமாக அராவித் தந்தார். கூலி வாங்க மறுத்தார், அப்பாவிடம் படித்தவராம்.

அதன்பின் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. கண்ணாடிப் பலகையில் சாணைப்பொடியும் தண்ணீரும் இட்டுக் கல்லின் அடிமுகத்தைத் தேய்த்துச் சமமாக்கினோம். அடிமுகத்தை வழவழப்பாக்கக் கூடாது. சொரசொரப்பாக இருந்தால்தான் பசை பிடிக்கும். தகட்டின் எண்ணெய்ப் பிசுக்கையும் துடைத்தெடுக்க வேண்டும். அரால்டைட்டில் விரைந்து காயும் வகையை விட்டு மெதுவாக இறுகுவதை எடுத்தோம். கவ்வியை மிக முறுக்கினால் பசை முழுவதும் பிதுங்கி வெளியேறிவிடும். மிதமாக அழுத்தி ஒரு பகலும் இரவும் விட்டோம். பிறகு விளிம்புகளைத் தகட்டோடு இழைத்து, உப்புத்தாளில் 220, 400, 800, 1200 என்று ஏறினோம். ஒரு தாளின் கீறல்கள் முற்றாக மறையாமல் அடுத்த தாளுக்குப் போனால் அந்தக் கீறல் கடைசியில் வந்து முகம் காட்டும். திரும்ப இறங்கிவர வேண்டியதுதான். நாங்கள் இரண்டு முறை இறங்கினோம். எல்லாம் தண்ணீரில், எல்லாம் கையால். இயந்திரத்தில் உலர் கல்லைத் தேய்த்தால் வேலை ஒரு மணி நேரத்தில் முடியும். ஆனால் அந்தப் புழுதி நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும். குஜராத்தின் கம்பாத்தில் தலைமுறை தலைமுறையாக அகேட் பட்டை தீட்டுவோரிடையே சிலிகோசிஸ் நோய் பரவலாகக் காணப்பட்டது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. பளபளக்கும் கல்மணிகளைக் கண்காட்சியில் பார்க்கும்போது இனி அந்த மூச்சும் எங்களுக்கு நினைவில் வரும்.

கையால் தேய்ப்பது மெதுவான வேலை. கண் கல்லில் இருக்கும், எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அதனாலேயோ என்னவோ சொல்லாமல் கிடந்தவை வெளியே வந்தன. வீட்டை விற்க நெருக்கியவருக்கு அப்போது ஒரு கடன் இருந்தது. மருத்துவச் செலவுக்கு வாங்கியது. கேட்டால் மற்றவர் கொடுத்துவிடுவாரோ என்ற கூச்சத்தில் கேட்கவில்லை. விற்க மறுத்தவருக்கு வீட்டின்மேல் பெரிய பற்று ஒன்றும் இல்லை. விற்றுவிட்டால் டவுணுக்கு வர நமக்கு ஒரு காரணம் இருக்காதே என்ற பயந்தான். மூன்றாவது ஞாயிறும் நான்காவது ஞாயிறும் இதைத் துண்டு துண்டாகப் பேசினோம். யார் கடன்காரர், யார் மறுத்தவர் என்பதை இங்கே எழுத வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

மெருகு முழுமையாக வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. நண்பர் எச்சரித்தபடியே கரிய மணிகள் சற்றுக் குழிந்து, சாய்த்துப் பிடித்தால் தோல் தடித்ததுபோல் தெரிகிறது. கத்தியின் கனம் ஒருபக்கமாக இழுக்கிறது, சட்டைப்பை சாய்கிறது. விடியற்காலையில் கல் பக்கம் சில்லென்றும் கொம்புப் பக்கம் வெதுவெதுப்பாகவும் இருக்கிறது. பிடித்தால் கட்டைவிரல் தானாகவே அப்பாவின் பள்ளத்துக்குள் போய் உட்காருகிறது. மற்ற நான்கு விரல்களும் அம்மாவின் குழவியின்மேல்.

சென்ற ஆண்டு அப்பாவின் திதிக்குக் குறுக்குத்துறைக்குப் போனோம். முடிந்தபின் படித்துறையில் உட்கார்ந்து தம்பி மாங்காய் நறுக்கினான். கத்தி நன்றாகவே வெட்டியது. கழுவித் துடைத்தபோதுதான் கவனித்தோம்: தகட்டுக்கும் கல்லுக்கும் இடையே முனையில் மயிரிழை போல் ஓர் இடைவெளி. தண்ணீர் புகுந்தால் நாளடைவில் பசை விட்டுவிடக்கூடும். கல்பொடியைப் பசையில் குழைத்து அடைத்துவிடலாம் என்றார் பூட்டு அண்ணாச்சி. பத்து நிமிட வேலை.

இன்னும் அடைக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கிறோம்.